ஃபர்னஸில் எண்ணெய்க் கசிவு: என் அனுபவம்

கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் எங்கள் பழைய வீட்டுக்குச் சூடு தருவது எண்ணெயை எரித்து வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ். ஜனவரியில் ஒரு காலை, பேஸ்மென்ட் கதவைத் திறந்ததுமே மண்ணெண்ணெய் மாதிரி வாடை. ஃபர்னஸில் எண்ணெயை எரிக்கும் பகுதியான பர்னருக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாக ஈரம். இங்கே ஃபர்னஸ் எண்ணெயில் சிவப்புச் சாயம் கலந்திருப்பதால் உடனே தெரிந்துவிட்டது.

சுவிட்சை அணைத்து, டேங்க் வால்வை மூடினேன். பர்னருக்கு எண்ணெய் அனுப்பும் பம்ப்பின் சீல்தான் போய்விட்டது என்று முதலில் நினைத்தேன். ஆனால் எண்ணெய் சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. குழாயின் அடிப்புறமாகவே ஓடிவந்து தாழ்ந்த இடத்தில் சொட்டும். அதனால் எல்லாவற்றையும் காயத் துடைத்து, ஒவ்வோர் இணைப்பிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றி, வால்வை மட்டும் திறந்துவிட்டுக் காத்திருந்தேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் பம்ப் பக்கம் பேப்பர் வெள்ளையாகவே இருந்தது. எண்ணெயை வடிகட்டும் ஃபில்டர் கிண்ணத்தின் விளிம்பில் மட்டும் மெல்லிய சிவப்புக் கோடு!

அந்த விளிம்பை அடைக்கும் கேஸ்கெட் வளையம் இறுகிப்போய் ஓரிடத்தில் நசுங்கியிருந்தது. வால்வை மூடி, புது ஃபில்டர், கேஸ்கெட், மேல் போல்ட்டின் வாஷர் மூன்றையும் மாற்றினேன். அப்புறம் வால்வைத் திறந்து பர்னரை ஓடவிட்டு, உள்ளே புகுந்த காற்று வெளியேற பம்ப்பின் காற்றுத் திருகைத் தளர்த்தி, நுரை நின்று எண்ணெய் மட்டும் வந்ததும் இறுக்கினேன்.

ஒன்று சொல்ல வேண்டும்: ஃப்ளேர் இணைப்பு (குழாயின் வாயை விரித்து நட்டால் இறுக்கும் இணைப்பு) கசிந்தால் டெஃப்ளான் டேப் சுற்றாதீர்கள். அங்கே அது அடைக்காது, பிய்ந்த துணுக்கு பம்ப்புக்குள் போய்விடும்.

மறுநாள் காலையிலும் பேப்பர் காய்ந்தே இருந்தது.