பனிச்சறுக்குக்கு மலிவான தேர்மல் உள்ளுடுப்பு: யாழ்ப்பாணத்தில் இருந்து புறப்படமுன் பார்த்து வாங்குவது எப்படி?

டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் கனடா, சுவிஸ், நோர்வே என்று சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர்களை, அங்குள்ள பிள்ளைகள் ஒரு நாளாவது பனிச்சறுக்குக்குக் கூட்டிக்கொண்டு போகத்தான் பார்ப்பார்கள். சறுக்குப்பலகை, பூட்ஸ், ஹெல்மெற் மூன்றும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். ஜக்கெற்றையும் வெளிக்காற்சட்டையையும் மச்சானிடமோ சித்தியின் மகளிடமோ இரவல் வாங்கலாம். தோலோடு ஒட்டிக் கிடக்கிற முதல் உடுப்பை மட்டும் உங்கள் உடம்பு அளவுக்கு நீங்கள்தான் வாங்கவேண்டும். இந்தக் குறிப்பு அதைப் பற்றியது.

வாங்கப் போகமுன் ஒரு விசயம் விளங்கிக்கொள்ளுங்கள். மொத்தமான துணிதான் குளிர் தாங்கும் என்று நினைத்து வாங்கினால் காசும் போகும், குளிரும் பிடிக்கும். புதிதாகச் சறுக்கப் பழகுகிறவருக்கு வேர்வை அதிகம். விழுவார், எழும்புவார், பலகையைக் காலில் மாட்டிக்கொண்டே பக்கவாட்டில் மேட்டில் ஏறுவார். கால் மணித்தியாலத்திலேயே முதுகு நனைந்துவிடும். பிறகு மேட்டுக்கு ஏற்றிக்கொண்டு போகிற திறந்த இருக்கையான லிஃப்ற்றில் அசையாமல் இருந்து காற்று வாங்கவேண்டும். தண்ணீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை வெளியே கடத்தும். அதனால் நனைந்த மொத்தத் துணியைவிடக் காய்ந்த மெல்லிய துணி சூடாக இருக்கும். முதல் உடுப்பின் வேலை வேர்வையைத் தோலில் இருந்து இழுத்து வெளியே தள்ளுவது. சூட்டைப் பிடித்து வைப்பது அதற்கு மேலே போடுகிற பிளீஸ் (பொசுபொசுவென்ற செயற்கைத் துணி மேற்சட்டை) அல்லது சுவெற்றரின் வேலை. காற்றையும் பனியையும் தடுப்பது ஜக்கெற்றின் வேலை.

படி 1: எவ்வளவு குளிர் என்று கேளுங்கள்

கூட்டிக்கொண்டு போகிறவரிடம் இடத்தின் பெயரையும் அந்த மாதக் குளிரையும் கேளுங்கள். ரொறன்ரோவில் இருந்து புளூ மவுன்ரின் பக்கம் போகிறவர்களுக்கு ஜனவரியில் மைனஸ் 10 பாகை சாதாரணம். அதோடு காற்றையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கவேண்டும்: மைனஸ் 10 பாகையில் மணிக்கு 30 கிலோமீற்றர் காற்று வீசினால் முகத்துக்கு அது மைனஸ் 20 போல இருக்கும். சறுக்கிக்கொண்டு இறங்கும்போது அந்தக் காற்றை நீங்களே உண்டாக்குகிறீர்கள்.

படி 2: லேபலைத் திருப்பிப் பாருங்கள்

அநேகம் பேர் பிழைவிடும் இடம் இதுதான். பெட்டியில் ‘தேர்மல்’ என்று இருப்பதைப் பார்க்காதீர்கள். உள்ளே கழுத்திலோ இடுப்புத் தையலிலோ இருக்கிற சின்ன லேபலைப் பாருங்கள்.

பருத்தி எந்த வீதத்தில் இருந்தாலும் வேண்டாம். பருத்தி வேர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்திருக்கும், லேசில் காயாது. யாழ்ப்பாண வெயிலுக்கு அதுதான் அதன் நல்ல குணம். பனியில் அதுவே கெடுதல். எங்கள் கடைகளில் கிடைக்கும் லெக்கிங்ஸில் பெரும்பாலானவை 95 வீதம் பருத்தியும் 5 வீதம் லைக்ராவும் கலந்தவை. காலை இறுக்கிப் பிடிப்பதால் பார்வைக்குச் சரியாகத்தான் தெரியும், ஆனால் பனியில் இரண்டு தரம் விழுந்து எழும்பினால் தொடை விறைக்கத் தொடங்கிவிடும். இந்தியாவில் இருந்து வருகிற தேர்மல் செற்றுகளிலும் பருத்தி கலந்தவை நிறைய. சின்னச் சின்னக் கட்டம் கட்டமாகப் பின்னிய வெள்ளைத் துணியைக் கண்டால் கட்டாயம் லேபலைப் பாருங்கள். வீட்டில் உடுத்திப் படுக்க அது நல்லது, சறுக்க அல்ல.

பொலியெஸ்ரர் 88 முதல் 95 வீதம், மிச்சம் லைக்ரா அல்லது எலஸ்தேன் (இரண்டும் இழுபடுகிற ஒரே வகை இழை) என்றால் நல்லது. பொலியெஸ்ரர் இழை தண்ணீரைக் குடிக்காது. வேர்வை இழைகளுக்கு இடையால் ஊர்ந்து வெளிப்பக்கம் போய்க் காய்ந்துவிடும். குறைந்த விலைக்கு இதைவிட நல்லது இல்லை. ஒரு குறை, மணம். ஒரு நாள் போட்டால் தோய்க்காமல் மறுநாள் போடமுடியாது. நைலோனும் இதே வகைதான்.

மெரினோ என்ற ஆட்டினத்தின் மெல்லிய கம்பளி எல்லாவற்றிலும் சிறந்தது. தன் எடையில் 30 வீதம் வரை ஈரத்தை இழைக்குள்ளே வாங்கிக்கொண்டும் தோலுக்கு நனைந்தது போலத் தெரியாது. இரண்டு மூன்று நாள் போட்டாலும் மணக்காது. ஆனால் பொலியெஸ்ரரைப்போலப் பல மடங்கு விலை. ஒரு நாள் பயணத்துக்கு அது தேவையே இல்லை என்பதுதான் எங்கள் முடிவு. வாங்குவதென்றால் இழையின் தடிப்பு 19.5 மைக்ரோன் அல்லது அதற்குக் குறைந்ததாகப் பாருங்கள், அதற்கு மேலே போகப் போகச் சொறியும்.

விஸ்கோஸ், ரேயோன் கலந்தவையும் உண்டு. யுனிக்லோ என்ற உடுப்புக் கடையின் ஹீற்ரெக் உள்ளுடுப்பில் ரேயோன், அக்ரிலிக், பொலியெஸ்ரர், எலஸ்தேன் எல்லாம் கலந்திருக்கும். பஸ்ஸுக்குக் காத்து நிற்க, கடைக்குப் போக அது நல்ல உடுப்பு. நன்றாக வேர்க்கும் வேலைக்கு முழுப் பொலியெஸ்ரர்தான் மேல்.

நுவரெலியாவுக்குப் போகும்போது வாங்கிய சுவெற்றர் வீட்டில் கிடந்தால் கொண்டுபோங்கள். பெரும்பாலும் அது அக்ரிலிக்காக இருக்கும். இரண்டாவது உடுப்பாக மேலே போட உதவும், தோலோடு போடவேண்டாம்.

படி 3: தடிப்பு

துணியின் தடிப்பை ஒரு சதுர மீற்றர் எத்தனை கிராம் என்று சொல்வார்கள். 120 முதல் 160 கிராம் மெல்லியது, 180 முதல் 220 நடுத்தரம், 250க்கு மேல் தடிப்பு. மைனஸ் 10 வரை மெல்லியதே போதும், அதற்குக் கீழே நடுத்தரம். மைனஸ் 20 பக்கம் போனால் தடித்த ஒன்றை வாங்காமல் மெல்லியது இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாகப் போடுங்கள். வேர்த்தால் ஒன்றைக் கழற்றலாம். எண் எழுதியிராவிட்டால் துணியை ஒற்றையாக வெளிச்சத்துக்குப் பிடியுங்கள். விரல்களின் நிழல் மங்கலாகத் தெரிந்தால் மெல்லியது என்று வைத்துக்கொள்ளலாம்.

படி 4: இங்கேயே தேடுவதும் சோதிப்பதும்

யாழ்ப்பாணத்தில் பனிச்சறுக்குக் கடை இல்லை, ஆனால் பொருள் இருக்கிறது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கொழும்புப் பக்கத்திலும் வெளிநாட்டுக்கு விளையாட்டு உடுப்பும் உள்ளுடுப்பும் தைக்கும் தொழிற்சாலைகள் உண்டு. ஏற்றுமதியில் மிஞ்சுகிற சாமான்கள் நாட்டுக்குள்ளேயே உடுப்புக் கடைகளில் விலைப்படும். நவீன சந்தைப் பக்கம், விளையாட்டு உடுப்புக் கடைகளில், ஓட்டப்பயிற்சிக்கான நீளக்கை மேற்சட்டையும் இறுக்கமான நீளக் காற்சட்டையும் கேளுங்கள். தேர்மல் என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். ஏற்றுமதிச் சாமானில் லேபலை வெட்டியிருப்பார்கள், அப்போது கீழே உள்ள மூன்று சோதனைகளும் உதவும். முதலில் ஒன்றை மட்டும் வாங்கி வீட்டில் சோதித்துவிட்டு மிச்சத்தை வாங்குங்கள்.

தண்ணீர்ச் சோதனை: துணியின் உட்பக்கத்தில் ஒரு துளி தண்ணீர் விடுங்கள். சில விநாடிகளில் பரந்து பெரிய வட்டமாகவேண்டும். முத்தாக உருண்டு நின்றால் ஒருமுறை தோய்த்துவிட்டுத் திரும்பச் செய்து பாருங்கள், புதுத்துணிப் பசையாலும் அப்படி நிற்கும். தோய்த்த பிறகும் நின்றால் அந்தத் துணி வேர்வையை இழுக்காது, தோலிலேயே விட்டுவிடும்.

கொடிச் சோதனை: பருத்தியும் தண்ணீரை உறிஞ்சும் என்பதால் முதல் சோதனை மட்டும் போதாது. வாங்கியதையும் அதே அளவான ஒரு பருத்திப் பெனியனையும் ஒன்றாக நனைத்து, ஒரேயளவு பிழிந்து, நிழலில் பக்கத்தில் பக்கத்தில் கொடியில் போடுங்கள். பெனியனின் விளிம்பு இன்னும் ஈரமாக இருக்கும்போதே மற்றது முழுதாகக் காய்ந்திருக்கவேண்டும். கார்த்திகை, மார்கழி மழை நாட்களில் இரண்டும் சுணங்கும், ஆனாலும் எது முந்திக் காய்கிறது என்பது மாறாது.

நெருப்புச் சோதனை: உட்தையலில் இருந்து இரண்டு நூலை உருவி, குறட்டால் பிடித்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, எவர்சில்வர் தட்டின்மேல் வைத்துக் கொளுத்துங்கள். உருகிக் கட்டியாகிக் குண்டுமணியாக இறுகினால் செயற்கை இழை. கடதாசி எரிகிற மணமும் தூளான சாம்பலும் வந்தால் பருத்தி அல்லது விஸ்கோஸ். மயிர் எரிகிற மணம் வந்தால் கம்பளி. மெரினோ என்று சொல்லி மிகக் குறைந்த விலைக்கு விற்பவற்றை இப்படிப் பிடித்துவிடலாம். உருகிய துளி கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், கவனம்.

படி 5: அளவு

தோலைத் தொடாத துணியால் வேர்வையை இழுக்கமுடியாது. அதனால் வளருகிற பிள்ளைக்குக்கூட ஒரு அளவு கூட்டி வாங்குவதில் பயனில்லை. பிள்ளைகளுக்கு மலிவான பொலியெஸ்ரர் வாங்குங்கள், அல்லது அங்குள்ள பெரிய பிள்ளைகளுக்குக் கட்டையாகிப்போனதைக் கேட்டு வாங்குங்கள். மறுபக்கம், மூச்சை முழுதாக இழுக்கமுடியாத இறுக்கமும் கூடாது. இரத்த ஓட்டம் குறைந்தால் விரல்தான் முதலில் விறைக்கும்.

போட்டுப் பார்க்கும்போது கை இரண்டையும் தலைக்குமேல் தூக்குங்கள். மேற்சட்டையின் கீழ்விளிம்பு இடுப்புப்பட்டிக்குக் கீழே நாலு விரல் நிற்கவேண்டும். இல்லாவிட்டால் விழுகிற ஒவ்வொரு முறையும் பனி முதுகுக்குள் போகும். பிறகு முழுதாகக் குந்தி எழும்புங்கள். கவட்டில் இழுத்தாலோ பின்பக்கம் இறங்கினாலோ அந்த அளவு சரியில்லை. தோள்மூட்டுத் தையலை விரலால் தடவிப் பாருங்கள், தட்டையாக இருந்தால் நல்லது. தடித்த தையல் பையின் பட்டிக்குக் கீழே அழுத்திப் புண்ணாக்கும். கழுத்தில் சிறிய சிப் உள்ளது கிடைத்தால் அதையே எடுங்கள். வேர்க்கும்போது திறந்து, லிஃப்ற்றில் மூடலாம்.

ஏற்றுமதிச் சாமானின் அளவுகள் வெளிநாட்டு அளவுகள். இங்கே ‘எல்’ போடுகிறவருக்கு அதில் ‘எம்’ சரிவரும். எழுத்தை நம்பாமல் நெஞ்சையும் இடுப்பையும் அங்குலத்தில் அளந்துகொண்டு போங்கள்.

இதற்கும் உள்ளே போடுகிறவற்றை அநேகர் மறந்துவிடுவார்கள். பருத்திப் பிரா, பருத்தி ஜட்டி, பருத்திப் பெனியன் எதுவும் உள்ளே இருக்கக்கூடாது. மேலே எவ்வளவு நல்ல துணி போட்டாலும் அவை நனைந்து குளிர்ந்துகொண்டே இருக்கும். பெண்கள் பொலியெஸ்ரர் அல்லது நைலோன் விளையாட்டுப் பிரா போடலாம். பெரிய தோடு ஹெல்மெற்றுக்குள் காதை அழுத்தும், வீட்டிலேயே கழற்றி வையுங்கள்.

படி 6: பூட்ஸுக்குள் சொக்ஸ் மட்டும்

சறுக்குப் பூட்ஸ் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவரை வரும், உள்ளே இடமே இருக்காது. நீளக் காற்சட்டையின் விளிம்பு அதற்குள் போனால் முன்காலெலும்பில் ஒரு மடிப்பு அழுத்தும். ஒரு மணித்தியாலத்தில் தாங்கமுடியாத நோவு எடுக்கும். புதிதாகப் பழகுகிறவர்கள் பூட்ஸ் அளவு பிழை என்று நினைத்து மாற்றப் போவது அனேகமாக இதனால்தான். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில், பாதிக்குச் சற்று மேலே முடிகிற காற்சட்டை வாங்குங்கள். நீளமானதுதான் கிடைத்தால் தையற்காரரிடம் கொடுத்து அந்த அளவுக்கு வெட்டுவியுங்கள்.

சொக்ஸ் ஒரு சோடி மட்டும், முழங்கால்வரை உயரமானது, மெல்லியது, கம்பளியும் நைலோனும் கலந்தது. இரண்டு சோடி போட்டால் பூட்ஸ் இறுகி இரத்தம் ஓடாது, கால் இன்னும் விறைக்கும். சொக்ஸை மட்டும் அங்கே போய் வாங்குங்கள்.

படி 7: காசை எங்கே போடுவது?

முதலில் சொக்ஸ், அடுத்து மேற்சட்டை, கடைசியில் காற்சட்டை. வேர்வை அதிகம் வருவது முதுகிலும் நெஞ்சிலும்தான். ஒரு நாளுக்கு ஒரு செற் போதும். இரண்டு மூன்று நாளென்றால் மேற்சட்டை இரண்டு, காற்சட்டை ஒன்று. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் காய்ந்த மேற்சட்டைக்கு மாறினால் பின்னேரம் முழுக்கச் சுகமாக இருக்கும்.

இங்கே எதுவும் சரிவராவிட்டால் போய் இறங்கி வாங்கலாம். டெகத்லோன் என்ற விளையாட்டுச் சாமான் கடையில் அவர்களுடைய சொந்தப் பெயரில் மலிவான பொலியெஸ்ரர் செற்றுகள் உண்டு. சுவிஸ், ஜேர்மனியில் அல்டியும் லிடிலும் குளிர்காலத் தொடக்கத்தில் பனிச்சறுக்கு உடுப்புகளை மலிவு விலையில் போடும், கெதியில் முடிந்துவிடும். முன்கூட்டியே சொந்தக்காரரிடம் அளவைச் சொல்லி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கனடாவில் கொஸ்கோ, வின்னர்ஸ் பார்க்கலாம். நோர்வேயில் கம்பளி உள்ளுடுப்பைச் சின்னப் பிள்ளைகள் அன்றாடம் போடுவார்கள், ஆதலால் பழையது இரவல் கிடைப்பது லேசு.

படி 8: தோய்ப்பது

பொலியெஸ்ரரை 30 பாகைத் தண்ணீரில் சாதாரண சலவைத்தூளால் தோய்க்கலாம். துணி மிருதுவாக்கும் வாசனைத் திரவம் மட்டும் விடவேண்டாம், அது இழைமேல் படிந்து வேர்வை இழுப்பதைக் கெடுக்கும். கம்பளிக்குக் கம்பளிக்கென்றே உள்ள திரவம்தான். கறை நீக்கும் நொதி கலந்த தூள் கம்பளி இழையையே அரிக்கும். முறுக்கிப் பிழியாதீர்கள். துவாயில் சுருட்டி மிதித்து ஈரத்தை எடுத்துவிட்டுத் தட்டையாக விரித்துக் காயவிடுங்கள். இரவோடிரவாகக் காயவேண்டிய பொலியெஸ்ரரையும் இப்படித் துவாயில் சுருட்டி எடுத்தால் விடியமுன் காய்ந்துவிடும். ஹீற்றர்மேல் நேரே போட்டால் லைக்ரா கெட்டு இழுவை போய்விடும்.

ஊருக்குத் திரும்பியதும் கம்பளியை அப்படியே அலுமாரியில் வைக்காதீர்கள். வேர்வை மிச்சமிருந்தால் பூச்சி அரிக்கும். தோய்த்து, நன்றாகக் காயவைத்து, காய்ந்த வேப்பிலையோடு இறுக்கிக் கட்டிய பொலித்தீன் பைக்குள் போடுங்கள். அடுத்து யாராவது இரவல் கேட்டு வரும்போது தேடாமல் எடுக்க, பைக்கு மேலே நெஞ்சளவை எழுதி ஒட்டிவிடுங்கள்.