ஆடிக் காற்றில் வாட் கணக்கு: டைம் ட்ரையலில் பவர் மீட்டரை வைத்து நாம் செய்யும் தவறுகள்

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, விடியக்காலம் 5:20 மணி. பேட்டை தாண்டி, தென்காசி சாலையோரம் ஒரு டீக்கடை. கூட வந்த தம்பி சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கடிகாரத்தைப் பார்த்து ஐந்து, நாலு, மூணு என்று எண்ணினார். டைம் ட்ரையல் என்றால் தனித்தனியாகப் புறப்பட்டு, கடிகாரத்தோடு மட்டும் போட்டி போடுவது. மொத்தம் 40 கிலோமீட்டர்: போக 20, வர 20. எவ்வளவு சக்தியோடு மிதிக்கிறோம் என்று வாட்டில் காட்டுவது பவர் மீட்டர்; அதில் என் திட்டம் 200 வாட். ஆனால் முதல் நாலு நிமிடமும் எண் 270க்குக் கீழே இறங்கவே இல்லை. காலில் பாரமும் தெரியவில்லை. மீட்டர்தான் கூடுதலாகக் காட்டுகிறது என்று முடிவு கட்டிவிட்டேன். மீட்டர் சரியாகத்தான் இருந்தது. திரும்பும் இடத்துக்கு 6 கிலோமீட்டர் இருக்கும்போதே தொடை இறுகிப்போய் 160க்கு வந்துவிட்டேன். திரும்பி வரும்போது காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியும், சடங்குக்கு மிதித்து வந்து சேர்ந்ததுதான் மிச்சம்.

பவர் மீட்டர் வாங்கியவர்கள் எல்லாருமே முதலில் செய்யும் தவறு இது. புறப்பட்ட முதல் ஓரிரு நிமிடம் உடம்பு கையிருப்பை எடுத்துச் செலவு செய்கிறது. மூச்சும் இதயத் துடிப்பும் அந்த வேலைக்கு ஏற்ற அளவுக்கு ஏறிவர நேரம் பிடிக்கும். அதனால் 270 வாட்டும் 200 மாதிரிதான் தோன்றும். கடன் கேட்டு ஆள் வருவது பத்தாவது நிமிடத்தில். இப்போதெல்லாம் நான் முதல் ஐந்து நிமிடம் திட்டத்துக்கு 10 வாட் குறைவாகவே மிதிக்கிறேன். எரிச்சலாகத்தான் இருக்கும். பக்கத்தில் பால்கேன் கட்டிய டிவிஎஸ் எக்ஸ்எல் முந்திப் போகும். போகட்டும்.

சரி, வேகத்தைப் பார்த்து மிதித்தால் போதாதா, வாட் எதற்கு? உள்ளரங்க வேலோட்ரோமில் (சைக்கிள் பந்தயத் தடத்தில்) போதும். 2022 அக்டோபரில் இத்தாலிய சைக்கிள் வீரர் ஃபிலிப்போ கன்னா ஒரு மணி நேரத்தில் 56.792 கிலோமீட்டர் ஓட்டினார். 250 மீட்டர் தடத்தில் அது சுற்றுக்குச் சுமார் 15.8 நொடி. அங்கே காற்று கிடையாது, மேடு கிடையாது. சுற்றுக்கு எத்தனை நொடி என்று தெரிந்தால் எவ்வளவு உழைக்கிறோம் என்பதும் தெரிந்துவிடும். நம் ஊரில் ஆனி, ஆடி வந்தால் செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழையும் மேற்குக் காற்று தென்காசி சாலையில் நேர் எதிரே வந்து நிற்கும். அம்மி பறக்கிற காற்றில் கிலோமீட்டர் வேகத்தைப் பார்த்து ஓட்டுகிறவன் போகும்போது செத்துப்போவான், வரும்போது தூங்கிவிடுவான்.

இந்த இடத்தில் இரண்டாவது தவறு ஒளிந்திருக்கிறது. போக 200, வர 200 என்று எண்ணைக் கல்லில் செதுக்கி வைப்பது. முதல் தவறைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. மணிக்கு 18 கிலோமீட்டர் காற்று என்று வைத்து, என் எடைக்கும் உட்காரும் நிலைக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 200 வாட்டில் எதிர்காற்றில் சுமார் 25 கிலோமீட்டர் வேகம், திரும்பும்போது 47. அதாவது போக 48 நிமிடம், வர 25 நிமிடச் சொச்சம். நேரத்தில் பெரும்பங்கு எதிர்காற்றிலேயே கழிகிறது. போகும்போது 215, வரும்போது 170 என்று மாற்றினால் சராசரி கிட்டத்தட்ட அதே 200தான். வேகம் மட்டும் 26, 45 என்று மாறும். போகும்போது சுமார் 1 நிமிடம் 50 நொடி மிச்சமாகும், வரும்போது 1 நிமிடம் 10 நொடி போகும். ஆகமொத்தம் கிட்டத்தட்ட 40 நொடி லாபம், ஒரு வாட் கூடுதலாகச் செலவழிக்காமல்.

மெதுவாகப் போகும் இடத்தில் கொஞ்சம் கூட்டு, வேகமாகப் போகும் இடத்தில் கொஞ்சம் குறை என்பதே இதன் சாரம். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதில்தான் ஆள் சறுக்குவது. என் எஃப்டிபி, அதாவது சுமாராக ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய சக்தி, 220 வாட். அதனால் 215 எனக்குத் தாங்கும். எஃப்டிபி 205 உள்ளவர் இதே 215ஐ முக்கால் மணி நேரம் பிடிக்க நினைத்தால் நான் ஆடியில் பட்ட பாடுதான் படுவார். நாலுவழிச் சாலையில் மேம்பாலம் வந்ததும் எழுந்து நின்று 350க்கு மிதிப்பவர்களும் இதே சறுக்கல்காரர்கள்தான். ஏற்றத்தில் 20, 30 வாட் கூடுவது சரி. 350க்குப் போனால் பாலத்தில் சம்பாதித்த நாலு நொடியை அடுத்த இரண்டு கிலோமீட்டரில் வட்டியோடு கட்ட வேண்டும்.

எஃப்டிபி என்றதும் இன்னொன்று. அதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. 20 நிமிடம் முழு மூச்சாக மிதித்து, சராசரியில் 95 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறோம். ஆனால் அந்தச் சோதனையை முறைப்படி செய்தால், 20 நிமிடத்துக்கு முன்னால் 5 நிமிடம் வெறித்தனமாக மிதித்துக் காலைக் களைக்க வைக்க வேண்டும். பாதிப் பேர் அதை விட்டுவிடுகிறார்கள். எண் பெரிதாக வரும், சொல்லிக்கொள்ள நன்றாக இருக்கும், ரோட்டில் உதவாது. சோதனையை நிமிர்ந்து உட்கார்ந்து செய்துவிட்டு, ஏரோ பாரில் (முழங்கையை ஊன்றி ஓட்டும் முன்கம்பியில்) குனிந்தபடி அதே எண்ணை எதிர்பார்ப்பதும் இந்த வகைதான். எந்த நிலையில் பந்தயம் ஓட்டப்போகிறீர்களோ அதே நிலையில் சோதியுங்கள்.

எங்கள் தம்பிக்கு ஏரோ பார்மீதே கோபம்.

"அண்ணாச்சி, குனிஞ்சா 15 வாட் குறையுது. நிமிந்து உக்காந்தா தானா ஏறுது. அப்புறம் இது எதுக்கு?"

"ஏறுனா ஏறட்டும். கடிகாரத்தப் பாருடே."

காற்றில்லாத காலையில், சமதளத்தில், ஹேண்டில்பாரின் கீழ்வளைவைப் பிடித்து ஓட்டினால் 36 கிலோமீட்டர் வேகத்துக்கு எனக்குச் சுமார் 215 வாட் வேண்டும். முழங்கையை ஏரோ பாரில் ஒடுக்கினால் அதே வேகத்துக்கு 190 போதும் என்று கணக்கு சொல்கிறது. 15 கொடுத்து 25 வாங்குகிறோம். இன்னொன்றும் கவனியுங்கள்: ஏரோ பார் இல்லாமல் 36ஐ 40 ஆக்க 65 வாட்டுக்கு மேல் கூடுதலாகத் தர வேண்டும். காற்றைக் கிழிக்கத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுகிறது. அதனால் எண்ணை ஏற்ற உழைப்பதைவிட, எண் குறைவாகத் தேவைப்படும்படி உட்காரப் பழகுவது மலிவு.

மீட்டரையே சரிபார்க்காதது மற்றொரு தவறு. உலோகம் எவ்வளவு நெளிகிறது என்பதை அளந்துதான் அது முறுக்கு விசையைக் கண்டுபிடிக்கிறது. வெப்பநிலை மாறினால் அந்தக் கணக்கு பிசகும். ஏசி அறையிலிருந்தோ கார் டிக்கியிலிருந்தோ எடுத்த கையோடு ஏறி மிதிக்காதீர்கள். பத்து, பதினைந்து நிமிடம் வெளியே நிற்க வைத்து, பிறகு ஜீரோ ஆஃப்செட் (பாரம் இல்லாதபோது பூஜ்யம் காட்டும்படி சரிசெய்வது) செய்யுங்கள். கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) நீளம் 170 மில்லிமீட்டரா 172.5ஆ என்று சரியாகப் பதிந்திருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

விலை குறைவு என்று பலர் வாங்குவது இடதுபக்கம் மட்டும் அளக்கும் மீட்டர். இடது காலின் எண்ணை இரண்டால் பெருக்கிக் காட்டும். இடது கால் 52 சதவீதம் உழைக்கிறது என்றால், உண்மையில் 200 வாட் மிதிக்கும்போது 208 காட்டும். உங்கள் நேற்றைய எண்ணோடு இன்றையதை ஒப்பிட அது போதும். நண்பரின் எண்ணோடு ஒப்பிட்டு டீக்கடையில் சண்டை போட ஆகாது.

வெயிலையும் கணக்கில் எடுங்கள். 200 வாட் மிதித்தால் உடம்பு அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் சூடாகக் கழிக்கிறது. மார்கழிப் பனியில் எடுத்த எஃப்டிபியை வைத்துக்கொண்டு சித்திரையில், அதுவும் 7 மணிக்குப் புறப்பட்டால், பாதி வழியில் இதயத் துடிப்பு ஏறிக்கொண்டே போகும், வாட் ஏறாது. முதலிலேயே பத்துப் பதினைந்து குறைத்துக்கொள்வதில் மானக்கேடு ஒன்றும் இல்லை.

திரையில் அந்தந்த நொடியின் வாட்டை வைத்தால் 170, 240, 190 என்று குதித்து ஆளைப் பைத்தியமாக்கும். 10 நொடிச் சராசரி வையுங்கள். கூடவே அந்தப் பகுதியின் சராசரி. போகும் வழி ஒரு பகுதி, வரும் வழி ஒரு பகுதி என்று லேப் பொத்தானை அழுத்திப் பிரித்துக்கொண்டால், வீட்டுக்கு வந்து எங்கே தவறினோம் என்று பார்க்கலாம். என் ஆடி மாதத்துக் கோப்பில் முதல் பகுதி மலை இறங்குவது போல இருந்தது.

பணகுடிக்கும் காவல்கிணறுக்கும் இடையே ஓட்டுபவர்களுக்கு மட்டும் ஒன்று: அங்கே காற்று பக்கவாட்டில் அடிக்கும். ஆழமான ரிம் சக்கரத்தோடு ஏரோ பாரில் படுத்திருக்கும்போது வாட்டைப் பார்க்காதீர்கள், சாலையைப் பாருங்கள். மற்ற இடங்களிலும் ஒரு பார்வைக்கு மேல் திரையில் கண் நிற்கக் கூடாது. சீதபற்பநல்லூர்ப் பக்கம் போன மாதம் 205, 206 என்று அழகாகப் பிடித்துக்கொண்டு போனேன். தலையைத் தூக்கினால் பத்தடியில் ஒரு வெள்ளாட்டுக் கூட்டம். பிரேக் பிடித்த நொடியில் திரையில் பூஜ்யம். ஆட்டுக்காரப் பெரியவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.