பழைய ஜீப்புக்கு அடிவிளக்கு: வயரிங் செய்வது எப்படி?

வண்டியின் அடியிலும் சக்கர வளைவுக்குள்ளும் பொருத்துகிற சின்ன எல்.இ.டி. விளக்குகளைத்தான் ராக் லைட் என்கிறார்கள். இரவில் பாறை மேல் ஏறும்போது டயர் எங்கே உட்காருகிறது என்று பார்க்க உதவும். முகாமில் இறங்கி நடக்க வெளிச்சம் தரும். மற்றபடி முக்கால்வாசிப் பேர் அழகுக்குத்தான் மாட்டுகிறார்கள், அதில் தப்பொன்றும் இல்லை.

புது வண்டி என்றால் இது சின்ன வேலை. 25, 30 வருஷம் சேற்றிலும் தண்ணீரிலும் ஓடிய வண்டியில் கதையே வேறு. அதன் வயரிங்கில் இதுவரை எத்தனை பேர் கை வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. சிவப்பு வயர் பாசிட்டிவாக இருக்கலாம், ஹாரனுக்குப் போவதாகவும் இருக்கலாம். ஆகவே இந்த வேலைக்கு நான் வைத்திருக்கும் சட்டம் ஒன்றுதான்: புது விளக்குக்கான கரண்டைப் பழைய வயர் எதிலிருந்தும் எடுக்கக் கூடாது. பேட்டரியிலிருந்து தனி வயர், தனி ஃபியூஸ், தனி ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்), சுத்தமான எர்த் (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி). கீழே வருவது எல்லாம் இதைச் செய்யும் முறைதான்.

1. முதலில் வண்டி எத்தனை வோல்ட் என்று பாருங்கள்

சந்தையில் கிடைக்கும் எல்.இ.டி. செட்டுகள் பெரும்பாலும் 12 வோல்ட், நெகட்டிவ் எர்த் வண்டிகளுக்கானவை, அதாவது பேட்டரியின் நெகட்டிவ் முனை பாடியோடு இணைந்தவை. பழைய வண்டி எல்லாமே அப்படி இல்லை. இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் எம்.பி. ஜீப் 6 வோல்ட். அதற்குப் பின் வந்த எம்38 ராணுவ ஜீப் 24 வோல்ட். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் சிலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். பானட்டைத் திறந்து, பாடிக்குப் போகும் தடித்த கேபிள் எந்த முனையிலிருந்து கிளம்புகிறது என்று கண்ணால் பாருங்கள். பாசிட்டிவ் எர்த் வண்டி என்றால் இந்தக் குறிப்பை அப்படியே பின்பற்ற வேண்டாம். தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள்.

12 வோல்ட்தான் என்று உறுதியானதும் மல்டிமீட்டரை பேட்டரி மேல் வையுங்கள். எஞ்சின் அணைந்து சில மணி நேரம் ஆன நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் விளக்கு வாங்கும் காசை முதலில் சார்ஜிங் பக்கம் செலவழியுங்கள். ஆல்டர்னேட்டர் இல்லாமல் டைனமோ இருக்கும் வண்டியில் ஐடிலிங்கில் சார்ஜ் ஏறவே ஏறாது. அதில் வண்டியை நிறுத்திவைத்து விளக்கை எரித்தால் பேட்டரிதான் இறங்கும்.

2. கணக்கு

வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 9 வாட் விளக்கு 8 என்றால் மொத்தம் 72 வாட், 12 வோல்ட்டில் 6 ஆம்பியர். அட்டைப் பெட்டியில் அச்சடித்த வாட்டை அப்படியே நம்ப வேண்டாம், பல செட்டுகளில் அது ஊதிப் பெருக்கிய எண். ஒரு விளக்கை மீட்டர் வழியாக பேட்டரியில் எரியவிட்டு ஆம்பியரை அளந்து, விளக்குகளின் எண்ணிக்கையால் பெருக்குவதே சரி.

6 ஆம்பியர் லோடுக்கு 10 ஆம்பியர் ஃபியூஸ் போதும். பிளேடு ஃபியூஸில் அது சிவப்பு நிறம். 7.5 பழுப்பு, 15 நீலம், 20 மஞ்சள். ஃபியூஸ் விளக்கைக் காப்பாற்றுவதற்கு என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை, அது வயரைக் காப்பாற்றுவதற்கு. மெல்லிய வயரில் 20 ஆம்பியர் ஃபியூஸ் போட்டால், எங்காவது உரசி ஷார்ட் ஆகும்போது ஃபியூஸுக்கு முன்னால் வயர் எரிந்துவிடும். இருக்கும் வயரில் மெல்லியது எதுவோ, அது தாங்கும் அளவுக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும்.

வயர் தடிமனுக்கும் ஒரு கணக்கு. 1.5 சதுர மி.மீ. செம்பு வயரில் மீட்டருக்குக் கிட்டத்தட்ட 0.012 ஓம். போக 4 மீட்டர், வர 4 மீட்டர் என்றால் 6 ஆம்பியரில் அரை வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். 2.5 சதுர மி.மீ. போட்டால் இழப்பு மூன்றில் ஒரு பங்கு வோல்ட்டாகக் குறையும். பேட்டரியிலிருந்து ரிலே வழியாக, விளக்குகளுக்கு வயர் பிரியும் இடம் வரை 2.5, அங்கிருந்து ஒவ்வொரு விளக்குக்கும் செட்டோடு வரும் வயரே போதும். அந்தச் சிறு வயர் மிக மெல்லியதாக இருந்தால் ஃபியூஸை 7.5க்கு இறக்குங்கள். பல புரி உள்ள வண்டி வயரையே வாங்குங்கள். வீட்டு வயரிங்கில் வரும் ஒற்றைக் கம்பி அதிர்வில் முறியும்.

3. விளக்கு எங்கே, எப்படி

வாங்கும்போதே ஐபி எண்ணைப் பாருங்கள், தூசியும் தண்ணீரும் எந்த அளவுக்குப் புகாது என்று சொல்வது அதுதான். ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். ஐபி69கே என்பது அதிக அழுத்தமுள்ள சுடுநீர்ப் பீச்சலுக்கும் தாங்குவது. வண்டியைப் பிரஷர் வாஷரில் கழுவுகிறவர்களுக்கு இதுதான் வேண்டும்.

பல்பு நேராகக் கண்ணில் படக் கூடாது, அதன் வெளிச்சம் மட்டும் தரையிலும் டயரிலும் விழ வேண்டும். அதனால் சக்கர வளைவின் உள் மேல்புறம், ஸ்டெப்புக்கு உள்பக்கமாக சேசிஸ் ஓரம் ஆகியவை நல்ல இடங்கள். துளை போடுவதற்கு முன் பசை டேப்பால் தற்காலிகமாக ஒட்டி, இருட்டியபின் எரியவிட்டுப் பாருங்கள். பகலில் சரியாகத் தோன்றிய இடம் இரவில் பெரும்பாலும் ஒரு கை தள்ளிப் போகும்.

அடுத்து, சேசிஸை ஜாக்கியில் தூக்கிச் சக்கரங்களைத் தொங்கவிட்டு, ஸ்டாண்ட் கொடுத்து, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பாருங்கள். டயர், ஷாக் அப்சார்பர், பிரேக் ஹோஸ் எதுவும் விளக்கைத் தொடக் கூடாது. சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கும்போது டயர் எதுவரை மேலே வரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். சேசிஸில் புதிதாகத் துளை போடாமல், ஏற்கெனவே உள்ள துளைகளைப் பயன்படுத்துங்கள். துளைத்தே ஆக வேண்டும் என்றால், தகட்டுக்குப் பின்னால் பிரேக் பைப்போ பெட்ரோல் பைப்போ போகிறதா என்று பார்த்துவிட்டு டிரில்லை எடுங்கள். துளை விளிம்புக்குப் பெயின்ட் பூச மறந்தால் அடுத்த மழைக்காலத்தில் துரு அங்கேதான் பிறக்கும்.

4. வயரை இழுப்பது

வேலைக்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். முதலில் அதுதான், மாட்டும்போது கடைசியில் அதுதான். பாசிட்டிவை முதலில் கழற்றப் போய் ஸ்பேனர் பாடியில் பட்டால் நேரடி ஷார்ட்.

பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் ஹோல்டர் வந்துவிட வேண்டும். முனைக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் இருக்கும் வயருக்குக் காவல் கிடையாது, எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது.

மற்ற வயர்களை எல்லாம் நெளிவுக் குழாய்க்குள் விட்டு, சேசிஸின் உள்பக்கமாக, மேலே கொண்டுபோங்கள். சைலன்சர் பைப்பிலிருந்து ஒரு சாணாவது விலகட்டும். இரும்புத் தகட்டில் துளை வழியாகப் போகும் இடமெல்லாம் ரப்பர் குரோமெட் (துளை விளிம்பில் மாட்டும் வளையம்) கட்டாயம். பாடியும் சேசிஸும் ஒன்றுக்கொன்று அசையும், ஆகவே ஒன்றிலிருந்து மற்றதுக்கு வயர் தாவும் இடத்தில் கொஞ்சம் தொய்வு விடுங்கள். விளக்குக்குள் நுழையுமுன் வயர் கீழே வளைந்து மேலே ஏறினால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

5. ரிலே

நான்கு கால் ரிலேயில் எண்கள் பொறித்திருக்கும். 30க்கு ஃபியூஸிலிருந்து வரும் வயர். 87லிருந்து விளக்குகளுக்கு. 86க்கு சுவிட்சிலிருந்து. 85 எர்த்துக்கு. உள்ளே டயோடு உள்ள ரிலேயில் 85, 86 இடம் மாறவே கூடாது. ஐந்து கால் ரிலே கிடைத்தால் நடுவில் 87ஏ என்று ஒரு கால் இருக்கும். ரிலே ஓய்வாக இருக்கும்போது அது 30ஓடு சேர்ந்தே இருக்கும், அதில் விளக்கைக் கொடுத்தால் சுவிட்சை அணைத்தால்தான் எரியும். அதை விட்டுவிடுங்கள். ரிலேயைக் கால்கள் கீழே பார்க்கும்படி மாட்டினால் உள்ளே தண்ணீர் தங்காது.

ரிலேயின் சுருள் எடுப்பது சுமார் 0.15 ஆம்பியர்தான். அதனால் டாஷ்போர்டு சுவிட்சுக்கு மெல்லிய வயரே போதும். சுவிட்சுக்குக் கரண்ட் எங்கிருந்து? சாவியில் துணைக்கருவி நிலை உள்ள வண்டி என்றால் அங்கிருந்து, 2 அல்லது 3 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து எடுக்கலாம். என் சட்டத்துக்கு நான் அனுமதிக்கும் ஒரே விலக்கு இது. ஆனால் பாயின்ட் (இக்னிஷனில் திறந்து மூடும் தொடுமுனை) வைத்த பழைய பெட்ரோல் எஞ்சினில் இக்னிஷன் நிலையிலிருந்து எடுக்காதீர்கள். முகாமில் விளக்குக்காகச் சாவியைத் திருப்பிவைத்து எஞ்சினை ஓட்டாமல் விட்டால் இக்னிஷன் காயில் சூடேறிக் கெட்டுப்போகும். அந்த வண்டிகளுக்கு 30க்கு வரும் அதே வயரிலிருந்து, இதே 2 அல்லது 3 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து, சுவிட்சுக்கும் ஒரு கிளை கொடுத்துவிடுவது மேல். அப்போது அணைக்க மறக்காமல் இருக்க, எரியும்போது ஒளிரும் சுவிட்சாக வாங்குங்கள்.

6. எர்த்: பழைய வண்டியின் பாதித் தலைவலி

விளக்கு மங்குவது, பிரேக் மிதித்தால் சிமிட்டுவது, ஒரு பக்கம் எரிந்து மறு பக்கம் எரியாமல் இருப்பது என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை பாசிட்டிவ் பக்கத்தில் இல்லை. பாடி ரப்பர் புஷ் மேல் உட்கார்ந்திருக்கிறது. பாடியையும் சேசிஸையும் எஞ்சினையும் இணைக்கும் பின்னல் பட்டை ஒரு காலத்தில் இருந்திருக்கும், இப்போது அறுந்தோ துருப்பிடித்தோ போயிருக்கும். மின்சாரம் திரும்பிவர வழி தேடி கியர் கேபிள், புஷ், போல்ட் என்று கிடைத்த வழியில் நுழையும்.

ஒவ்வொரு விளக்கையும் அதனதன் பக்கத்துப் போல்ட்டில் எர்த் செய்யாதீர்கள். எல்லாக் கறுப்பு வயர்களையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து 2.5 வயரில் பேட்டரி நெகட்டிவுக்கே திருப்பிவிடுங்கள். கூடுதல் வயர் செலவு, ஆனால் துருவோடு சண்டை இல்லை. சேசிஸில்தான் கொடுப்பேன் என்றால், உப்புத்தாளால் பெயின்டையும் துருவையும் சுரண்டிப் பளபளக்கும் இரும்பு தெரிய வேண்டும். வளைய லக் (வயர் முனையில் நசுக்கி மாட்டும் உலோக வளையம்), பல் வாஷர், போல்ட் வைத்து இறுக்கிய பிறகு மேலே கிரீஸோ பெயின்டோ பூசுங்கள், பூசிவிட்டு இறுக்கக் கூடாது.

சரிபார்க்க ஊகம் வேண்டாம். விளக்குகள் எரியும்போது மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மற்றதை எர்த் லக்கிலும் தொடுங்கள். 0.1 வோல்ட்டை ஒட்டி இருந்தால் நல்லது. அரை வோல்ட் காட்டினால் அந்த இணைப்பு ஒட்டவில்லை.

7. இணைப்புகள்

வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது வீட்டு ரிப்பேருக்கே ஆகாது, இங்கே ஒரு சேற்றுக் குளியலுக்குள் பிரிந்துவிடும். வயரைக் கடித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளும் அப்படித்தான், உள்ளே புரியை அறுத்துத் தண்ணீரையும் விடும். சரியான அளவு லக்கைக் கிரிம்பரால் நசுக்கி, உள்ளே பசை உள்ள சுருங்கும் குழாயை மேலே ஏற்றிச் சூடு காட்டுங்கள். ஓரத்தில் பசை பிதுங்கினால் அடைத்துவிட்டது என்று அர்த்தம். ஈயம் வைத்தால் இன்னும் உறுதி என்பார்கள். ஈயம் புரிக்குள் ஊறி வயரை விறைப்பாக்கும், அந்த விறைப்பு முடியும் இடத்தில் அதிர்வு அதை முறிக்கும். கிரிம்ப் செய்ததும் கையால் இழுத்துப் பாருங்கள், வந்தால் இப்போதே வரட்டும்.

8. ஃபியூஸ் போடுவதற்கு முன்

விளக்குகளின் கனெக்டரைக் கழற்றியே வைத்திருங்கள். ஃபியூஸ் இருக்கும் இடத்தில் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை இரண்டு வயர் வைத்து இணையுங்கள். பேட்டரியை மாட்டி, சுவிட்சை அணைத்தும் போட்டும் பாருங்கள். அணைத்திருக்கும்போது பல்பு எரியக் கூடாது. போட்டாலும் பளிச்சென்று எரியக் கூடாது. எரிந்தால் எங்கோ ஷார்ட். வயரை அங்கங்கே அசைத்துக்கொண்டே வந்தால் பல்பு அணையும் இடத்தில் அது அகப்படும், ஒரு ஃபியூஸும் வீணாகாது. சுத்தமாக இருந்தால் ஃபியூஸைப் போட்டு விளக்குகளை ஒவ்வொன்றாக மாட்டுங்கள். ஒன்று மட்டும் எரியவில்லை என்றால் அதில் சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கும்.

நிறம் மாறும் செட் வாங்கியவர்களுக்கு

இவற்றில் பாசிட்டிவ்தான் பொது. கன்ட்ரோலர் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் நெகட்டிவ் பக்கத்தில் வெட்டி வெட்டி நிறத்தைக் கலக்கும். ஆகவே விளக்கிலிருந்து வரும் நான்கு வயர்களும் கன்ட்ரோலருக்கே போக வேண்டும், எதையும் சேசிஸில் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அந்த நிறம் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். ரேடியோவில் இரைச்சல் வந்தால் இந்த கன்ட்ரோலரை ஆன்டெனா வயரிலிருந்து தள்ளி மாட்டுங்கள்.

பொதுச் சாலையில் ஏறும்போது அடிவிளக்கை அணைத்துவிடுங்கள். பல நாடுகளில் சிவப்பும் நீலமும் மின்னும் விளக்கு அவசர வண்டிகளுக்கே உரியது, முன்பக்கம் சிவப்பு தெரிவதும் குற்றம். உங்கள் ஊர் விதியை வாங்குவதற்கு முன்பே படித்துவிடுவது காசுக்கு நல்லது.

முதல் கரடுமுரடான பயணம் முடிந்ததும் எல்லாப் போல்ட்டையும் கேபிள் டையையும் ஒரு சுற்று பாருங்கள். நிறம் மாறும் செட் என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: சுவிட்ச் அணைந்திருக்கும்போது ஃபியூஸ் இடத்தில் மீட்டரை வைத்து, எவ்வளவு மில்லி ஆம்பியர் ஒழுகுகிறது என்று அளங்கள். 20 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு மாதத்தில் 14 ஆம்பியர் மணிக்கு மேல் போய்விடும், எப்போதாவது எடுக்கும் வண்டியின் பேட்டரியைச் சாகடிக்க அது போதும். அப்படி ஒழுகினால் கன்ட்ரோலருக்குப் போகும் பாசிட்டிவ் வயரை ரிலேயின் 87லிருந்து எடுத்துக் கொடுங்கள், சுவிட்சோடு சேர்ந்து அதுவும் அணைந்துவிடும்.