71 அடி என்றால் பாதி அணை இல்லை: சார்புகளை வைத்து அன்றாடக் கணக்குப் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கம்பம் பள்ளத்தாக்கில் விடிந்ததும் எல்லோரும் கேட்கும் எண் ஒன்று உண்டு. டீக்கடையில் உட்கார்ந்து "இன்னைக்கு எவ்வளவு?" என்று கேட்டால் போதும், முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டம் பதிலாக வரும். நாற்று பாவலாமா, வாய்க்காலில் தண்ணீர் எப்போது வரும் என்பதெல்லாம் அந்த எண்ணைப் பொறுத்தது. 14,707 ஏக்கர் இருபோக நெல் அதை நம்பித்தான் இருக்கிறது.

நான் இங்கே பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் முதல் பாடமே ‘உறவுகளும் சார்புகளும்’. ஓர் எண்ணைக் கொடுத்தால் அதற்கு உரிய ஒரே ஓர் எண்ணைத் திருப்பித் தரும் விதி, அதுதான் சார்பு. பிள்ளைகள் அதை மதிப்பகம் (விதிக்குள் கொடுக்கக்கூடிய எண்கள்), வீச்சகம் (விடையாக வரும் எண்கள்) என்று மனப்பாடம் செய்து மார்க் வாங்கிவிடுகிறார்கள். வீட்டுக்குப் போனதும் கரண்ட் பில்லையும் வட்டியையும் அணையையும் பழைய பழக்கத்திலேயே கணக்குப் போடுகிறார்கள். கூட்டல், பெருக்கலில் யாரும் தவறுவதில்லை. விதி எது, அது எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்று கேட்காமல் விடுவதில்தான் தவறு வருகிறது.

எல்லாவற்றையும் நேர்கோடாக நினைப்பது

2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தண்ணீர் தேக்க அனுமதித்தது. அதனால் 71 அடி என்றால் பாதி அணை என்று சொல்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 71 அடியில் நம் பக்கத்துக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வராது. தேக்கடியிலிருந்து நமக்குத் தண்ணீர் கொண்டுவரும் சுரங்கப்பாதை வழியாக 104 அடி வரைதான் தண்ணீர் எடுக்க முடியும். அதற்குக் கீழே இருப்பது நம் கணக்கில் சேராது. பாடப்புத்தக மொழியில் சொன்னால், பாசனத்துக்கான சார்பின் மதிப்பகம் 104-இல்தான் தொடங்குகிறது.

அடுத்த சிக்கல் வடிவம். 152 அடி முழு உயரத்துக்கு அணையின் கொள்ளளவு 15.66 டி.எம்.சி., அதாவது 1,566 கோடி கனஅடி. நேர்விகிதம் என்று வைத்துக்கொண்டால் 104 அடியில் 10.7 டி.எம்.சி. இருக்க வேண்டும். உண்மையில் அங்கே இருப்பது 5.1 டி.எம்.சி. தான், மேலே உள்ள 48 அடியில்தான் மீதி 10.56 டி.எம்.சி. அடங்குகிறது. மலைகளுக்கு நடுவே உள்ள நீர்த்தேக்கம் கிண்ணம் மாதிரி, மேலே போகப் போக விரியும். 110-இல் ஏறும் ஓர் அடியும் 140-இல் ஏறும் ஓர் அடியும் ஒன்றல்ல. படுக்கை வசத்தில் இருக்கும் உருளை டேங்கர் லாரிக்கும் இதே கதைதான். குச்சியை விட்டுப் பார்த்துக் கால் பங்கு உயரம் நனைந்தால், உள்ளே இருப்பது கால் பங்கு அல்ல, 20 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. பாதி உயரத்தில் மட்டும்தான் பாதி கொள்ளளவு.

ஆகவே நாளிதழில் அணை நிலவரம் பார்க்கும்போது நீர்மட்டத்தோடு நின்றுவிடாதீர்கள். பக்கத்திலேயே ‘இருப்பு’ என்று மில்லியன் கனஅடியில் இன்னொரு எண் இருக்கும். அடியைக் கொள்ளளவாக மாற்றும் வேலையை அட்டவணை வைத்து ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறார்கள்.

அதே செய்தியில் ‘வரத்து 1,000 கனஅடி’ என்றும் வரும். அது வேகம், அளவு அல்ல. விநாடிக்கு 1,000 கனஅடி என்று பொருள். ஒரு நாளைக்கு 86,400 விநாடி. நாள் முழுவதும் அதே வேகத்தில் வந்தால் 8 கோடியே 64 லட்சம் கனஅடி சேரும். ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கனஅடி. 1,000 கனஅடி வரத்தில் ஒரு டி.எம்.சி. சேர பதினொன்றரை நாள் ஆகும், அதுவும் கீழே ஒரு துளிகூடத் திறக்காமல் இருந்தால். வேகத்தை அளவாக எடுத்துக்கொண்டுதான் ‘நேத்து மழைக்கே அணை நிரம்பிடும்’ என்ற பேச்சு கிளம்புகிறது.

விதி எங்கே உடைகிறது என்று பார்க்காமல் விடுவது

கரண்ட் பில்லில் இதைக் கண்ணால் பார்க்கலாம். 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் வந்த வீட்டுக் கட்டணத்தையே எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை ஓடினால் முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு யூனிட் 2.25 ரூபாய், அடுத்த 200-க்கு 4.50, கடைசி 100-க்கு 6. மொத்தம் 1,725 ரூபாய். மீட்டர் 501 காட்டினால்? ஒரு யூனிட் கூடியிருக்கிறது, 8 ரூபாய் ஏறும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் 500-ஐத் தாண்டியவர்களுக்கு 2.25 ரூபாய்ப் படியே கிடையாது. 101-இலிருந்து 400 வரை எல்லாமே 4.50. கூட்டிப் பாருங்கள்: 1,350, 600, 8. மொத்தம் 1,958. அந்த ஒற்றை யூனிட்டின் விலை 233 ரூபாய்.

வரைபடம் போட்டால் கோடு 500-இல் அறுந்து, ஒரு படி மேலே போய் மறுபடி தொடங்கும். பிறகு கட்டணங்கள் ஏறியிருந்தாலும் இந்தத் தாவல் அப்படியே இருக்கிறது. குமுளி தாண்டினாலும் தப்பிக்க முடியாது. கேரளத்தில் மாதம் 250 யூனிட் வரை படிப்படியாகக் கணக்கிடுவார்கள். அதைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே ஒரே விகிதம். எங்கள் வீட்டில் கணக்கெடுப்பு நாளுக்குப் பத்து நாள் முன்பே மீட்டரைப் பார்த்து எழுதிவைப்பேன். 440 தாண்டியிருந்தால் கிரைண்டர், அயர்ன் பாக்ஸ் வேலையை அளந்து செய்வோம். 300-இல் இருந்தால் கவலைப்பட மாட்டோம். எல்லா யூனிட்டையும் ஒரே மாதிரி மிச்சம் பிடிப்பதைவிட, எந்த யூனிட் விலை உயர்ந்தது என்று தெரிந்து மிச்சம் பிடிப்பதுதான் பலன் தரும்.

மதிப்பகத்தை மறப்பது

இந்த ஒன்றைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கோபம் வரும். கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் தினமும் அதிகாலையில் ஜீப்புகள் ஏலத்தோட்டங்களுக்கு மலையேறுகின்றன. ஜீப் வாடகை 1,800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 6 பேர் என்றால் தலைக்கு 300, 9 பேர் என்றால் 200, 12 பேர் என்றால் 150. முதல் மூன்று பேர் கூடியபோது ஆளுக்கு 100 மிச்சம், அடுத்த மூன்று பேருக்கு 50 மட்டும். 18 ஆக்கினால் 100-க்கு வரும். காகிதத்தில் அந்தக் கோடு இறங்கிக்கொண்டே இருக்கும், ஒருபோதும் நிற்காது. வண்டிக்கு நிற்கும் இடம் உண்டு. ஆர்.சி. புத்தகத்தில் எத்தனை இருக்கை என்று எழுதியிருக்கிறதோ அதுவரைதான் இந்தச் சார்பின் மதிப்பகம். அதற்கு மேல் போடும் எண்ணுக்குச் சூத்திரம் விடை தரும், ஆனால் அந்த விடையை நம்பி ஏறுபவர்கள் என் மாணவர்களின் அம்மாக்கள். கொண்டை ஊசி வளைவில் 150-க்கும் 100-க்கும் இடையில் உள்ள 50 ரூபாய் எதற்கும் ஈடாகாது.

எது எதைப் பொறுத்தது என்பதை மாற்றிப் பிடிப்பது

ஏலக்காயில் இரண்டு தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒன்று சிறியது: ‘அஞ்சு கிலோ பச்சைக்காய்க்கு ஒரு கிலோ காய்ஞ்ச காய்’ என்பதை மாறாத விதியாகப் பிடித்துக்கொள்வது. 100 கிலோ பச்சைக்காயில் 80 சதவீதம் ஈரம் என்றால் மீதி 20 கிலோ. அதை 10 சதவீத ஈரம் வரை உலர்த்தினால் 22.2 கிலோ கிடைக்கும். அதே காய் நல்ல மழையில் பறித்து ஈரம் 84 சதவீதமாக வந்தால் 16 கிலோதான் மீதி, உலர்த்திய பிறகு 17.8. ஈரம் நாலு புள்ளிதான் கூடியது, கையில் வரும் காய் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. காயை உலர்த்தித் தரும் ஸ்டோர்க்காரர் எடையில் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எடை பொறுத்திருப்பது ஈரத்தை அல்ல, ஈரம் போக மிஞ்சியதை.

இன்னொன்று பெரியது, குடும்பங்களைக் கடனில் தள்ளியது. 2019 ஆகஸ்ட்டில் ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. இரண்டு மூன்று புள்ளிகளை மனதில் வைத்து, கோட்டை மேல்நோக்கி நீட்டிப் பார்த்து, நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துச் செடி வைத்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. விலை காலத்தைப் பொறுத்து ஏறவில்லை. 2018 வெள்ளத்திலும் அதற்குப் பின் வந்த வறட்சியிலும் தோட்டங்கள் அடிபட்டு வரத்து குறைந்ததால் ஏறியது. வரத்து திரும்பினால் விலை இறங்கும். அதிலும் ஏலச்செடி நட்டால் பலன் தர இரண்டு மூன்று வருடம் பிடிக்கும். 2019-இல் வைத்தவரின் காய் சந்தைக்கு வந்தபோது 2022-இல் கிலோ ஆயிரத்துக்கும் கீழே போயிருந்தது. ஆண்டை ஒரு பக்கமும் விலையை மறுபக்கமும் எழுதி வரைபடம் போட்டால் கோடு கிடைக்கத்தான் செய்யும். கோடு கிடைத்ததாலேயே ஒன்று இன்னொன்றைப் பொறுத்தது என்று ஆகிவிடாது.

சின்னச் சின்னத் தவறுகள் இரண்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2,000 ரூபாய் விலை 20 சதவீதம் இறங்கினால் 1,600. அது 20 சதவீதம் ஏறினால் 1,920 தான். பழைய இடத்துக்கு வர 25 சதவீதம் ஏற வேண்டும். மலைப்பாதையில் 20 கிலோமீட்டரை மணிக்கு 20 வேகத்தில் ஏறி 40 வேகத்தில் இறங்கினால் சராசரி 30 இல்லை. ஏற ஒரு மணி நேரம், இறங்க அரை மணி, 40 கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம். சராசரி 26.7.

தண்டல் கணக்கு

போன வருடம் ஒரு மாணவியின் அம்மா என்னிடம் வந்தார். மகளுக்குக் கல்லூரிச் சேர்க்கைப் பணம் கட்ட நூறு நாள் தண்டல் எடுக்கப்போவதாகச் சொன்னார். பத்தாயிரம் என்று பேசி, 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். தினமும் 100 ரூபாய், நூறு நாள் கட்ட வேண்டும்.

"நூத்துக்குப் பதினஞ்சு தானே டீச்சர் வட்டி? கம்மிதானே?"

"அக்கா, கைக்கு வர்றது பத்தாயிரமா, எட்டாயிரத்தைந்நூறா?"

வட்டி என்பது கையில் இருக்கும் பணத்தையும் அது கையில் இருக்கும் காலத்தையும் பொறுத்த சார்பு. தண்டலில் முதல் நாளிலிருந்தே பணம் திரும்பிப் போகிறது. நோட்டில் மூன்று பத்தி போட்டோம்: நாள், கட்டியது, கையில் மிச்சமுள்ள அசல். அசல் தினம் 85 ரூபாய் கழிகிறது என்று வைத்தால் முதல் நாள் 8,500, ஐம்பத்தோராம் நாள் 4,250, நூறாவது நாள் 85. நூறு நாளும் 8,500-ஐ அவர் வைத்திருக்கவே இல்லை. சராசரியாக 4,300 ரூபாய்க்கும் குறைவாகத்தான் வைத்திருக்கிறார். அந்த 4,300-க்கு நூறு நாள் வட்டி 1,500. நூறு நாளைக்கே 35 சதவீதம். இன்னும் துல்லியமாக, அன்றன்றைய பாக்கிக்கு வட்டி சேர்த்து அசலைக் கழித்துப் போட்டாலும், ஆண்டுக்குச் சுமார் 121 சதவீதம் வருகிறது.

ஆண்டுக் கணக்கு அவருக்குப் பிடிபடவில்லை. நம் ஊரில் வட்டியை மாதத்துக்குத்தானே சொல்வோம். 121-ஐப் பன்னிரண்டால் வகுத்துக் காட்டினேன். நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய்.

"பத்து வட்டியா? அஞ்சு வட்டிக்கே நான் வாங்குனதில்லையே."

கந்துவட்டியைத் தடுக்க 2003-இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டம் மீட்டர் வட்டியோடு தண்டலையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. மலைக்கு மேலே கேரளத்தில் இப்படிப்பட்ட கடனுக்கு ‘பிளேடு’ என்றே பெயர். அவரிடம் இரண்டு பவுன் வளையல் இருந்தது. ஆண்டுக்கு 12 சதவீத நகைக்கடன் என்று வைத்து, 8,500 ரூபாயை நூறு நாளும் குறையாமல் வைத்திருந்தால்கூட வட்டி எவ்வளவு என்று நோட்டின் அடுத்த பக்கத்தில் அவர் மகளே போட்டாள். 279 ரூபாய் 45 காசு. அம்மா அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து, ரவிக்கைக்குள் இருந்த மணிபர்ஸில் மடித்து வைத்துக்கொண்டு கிளம்பினார்.