செயற்கை மார்பகம்: பழி பிராவின் மேல்தான்

புற்றுநோய்க்காக மார்பகத்தை அகற்றிய பிறகு, பிராவுக்குள் வைக்கும் செயற்கை மார்பகத்தை வாங்குவதில் முதலில் செய்யும் தவறு அவசரம். புண் ஆறி வீக்கம் வடிய பொதுவாக 6 முதல் 8 வாரம் ஆகும். ரேடியேஷன் எடுப்பவர்களுக்கு இன்னும் தள்ளிப்போகலாம். அதுவரை பஞ்சு அடைத்த லேசான மார்பகமே போதும். டாக்டர் சரி என்ற பிறகு சிலிக்கான் மார்பகத்துக்கு அளவு கொடுங்கள்.

கையில் வாங்கியதும் பலர் திகைப்பார்கள்: "இவ்வளவு கனமா?" கையில் கனப்பது, பிரா சரியாக இருந்தால் உடம்பில் அவ்வளவாகத் தெரியாது. தோள் வலிக்கிறது, பட்டை அழுந்துகிறது என்று மார்பகத்தைப் பெட்டியிலேயே வைத்துவிட்டவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. பெரும்பாலும் தப்பு பிராவின் மேல்தான். பாரத்தைத் தாங்க வேண்டியது மார்பைச் சுற்றி வரும் அடிப்பட்டை. அது தளர்ந்தால் மொத்த கனமும் தோளில் விழும். போட்டுக்கொண்டு இரண்டு கையையும் மேலே தூக்குங்கள், அப்புறம் குனிந்து நிமிருங்கள். அடிப்பட்டை மேலேறினாலோ மார்பகம் நெஞ்சை விட்டு விலகினாலோ அந்த பிரா வேண்டாம். பிராவின் தோள் நாடா அகலமாகவும், உள்ளே மார்பகத்தை வைக்கப் பை தைத்ததாகவும் இருக்கட்டும். கை வீங்கும் தொல்லை உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அவர்கள் லேசான வகை மார்பகத்தைக் கேட்டு வாங்கலாம்.

வியர்வையை அப்படியே விடாதீர்கள். தினமும் மிதமான சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் விட்டு உள்ளங்கையால் கழுவி, துண்டால் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம், ஹேர் டிரையரும் வேண்டாம். நீச்சல் குளத்திலிருந்தோ கடலிலிருந்தோ வந்தால் உடனே நல்ல தண்ணீரில் அலசுங்கள். கழற்றியதும் அதன் பெட்டியில் வையுங்கள். அலமாரியில் துணிகளுக்கு நடுவே மடங்கிக் கிடந்தால் வடிவம் போய்விடும்.

ஊக்கு, புரூச், பூனையின் நகம் மூன்றும் இதற்கு எதிரி. உறையில் ஓட்டை விழுந்து பிசுபிசுப்பாக ஜெல் கசிந்தால் பயப்படாதீர்கள். பிளாஸ்திரி ஒட்டிச் சில நாள் சமாளிக்கலாம், பிறகு மாற்றிவிட வேண்டும். சேதமாகாவிட்டாலும் இரண்டு மூன்று வருடத்தில் மாற்றுவது வழக்கம். நடுவே உடல் எடை கூடினாலோ குறைந்தாலோ திரும்ப அளவு எடுங்கள்.

கடைசித் தவறுதான் எனக்கு ரொம்பக் கவலை தருவது. தழும்பில் சிவப்போ, தடிப்போ, சின்னக் கட்டியோ தெரிந்தால் "உராய்ந்திருக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். ராத்திரி கழற்றும்போது வெளிச்சத்தில் நின்று அந்த இடத்தை ஒருமுறை பார்த்து, விரலால் தடவிப் பாருங்கள். நேற்று இல்லாதது இன்று இருந்தால், டாக்டரைப் போய்ப் பாருங்கள்.