காமா லொக்கிலிருந்து களியின் அளவு: −999.25ஐ முதலில் கவனியுங்கள்

மன்னார்க் கடலில் 2011இல் எரிவாயு கிடைத்த செய்தி வந்ததிலிருந்தே கிணற்று லொக் (கிணற்றில் இறக்கும் கருவி ஆழத்துக்கு ஆழம் எடுக்கும் அளவீடு) வாசிக்கப் பழகவேண்டும் என்று ஆசை. திருகோணமலையில் இருந்துகொண்டு தரவுக்கு எங்கே போவது? நோர்வே எண்ணெய் நிறுவனமான ஈக்குவினோர் 2018இல் இலவசமாக வெளியிட்ட வடகடல் வோல்வே எண்ணெய் வயலின் தரவை இறக்கிப் பழகினேன். லொக் தரவு வரும் லாஸ் (LAS) கோப்பை எக்செல்லில் திறக்க உங்களுக்குத் தெரியும்தானே.

1. எல்லைகளைப் பிடியுங்கள்: சுத்த மணலின் காமா வாசிப்பு ஒன்று, முழுக் களியின் வாசிப்பு ஒன்று. களி, தன்னிலுள்ள பொட்டாசியம், தோரியத்தால் காமாக் கதிரைக் கூடுதலாகத் தரும். சுத்தமான மணற்கல் குறைவாகத் தரும்.

எனக்கு இரண்டு இரவு போனது இங்கேதான். ஆகக் குறைந்த வாசிப்பை எக்செல்லையே எடுக்கவிட்டேன். 75 ஏபிஐ (காமாவின் அலகு) காட்டும் இடத்துக்கும் களி விகிதம் (0 சுத்த மணல், 1 முழுக் களி) 0.96 என்று வந்தது. கிணறு முழுக்கக் களி! கோப்பின் தலைப்பகுதியைப் பார்த்தால் −999.25. அளவீடு இல்லாத இடத்தை நிரப்பும் எண் அது. எக்செல் அதைச் சுத்த மணலாக எடுத்திருக்கிறது. அந்தக் கட்டங்களை முதலில் வெறுமையாக்குங்கள். பிறகு, ஆராயும் ஆழத்தை அண்டிய பகுதியில் மட்டும் 5ஆம், 95ஆம் சதமானங்களை எல்லையாக எடுங்கள்.

2. எல்லைகள் 20, 120; வாசிப்பு 75 என்றால் (75 − 20) ÷ (120 − 20) = 0.55. இதையே களியளவாகக் கொண்டால் கூடிப்போகும். அதைக் குறைத்துத் திருத்தும் லாரியோனோவ் சூத்திரம் போடுங்கள். வோல்வேயின் மணற்கல் ஜுராசிக் காலத்தது, பழைய பாறை: 0.33 × (2^(2 × 0.55) − 1) = 0.38. மூன்றாம் யுகத்து இளம் பாறையானால் 0.083 × (2^(3.7 × 0.55) − 1) = 0.26.

3. நுண்துளைமை, அதாவது பாறையில் துளைவெளியின் பங்கு. அடர்த்தி லொக்கில் பாறை அடர்த்தி 2.32 என்றால் (மணல்மணி 2.65, நீர் 1.00) (2.65 − 2.32) ÷ (2.65 − 1.00) = 0.20. களிப்பாறை அடர்த்தி 2.50 ஆனால் இதே கணக்கு 0.09 தரும். களியின் பங்கைக் கழித்தால் 0.20 − 0.38 × 0.09 = 0.17. எண்ணெய் நகரக்கூடிய இடம் இவ்வளவுதான்.

பைதனில் லாஸ் கோப்பை வாசிக்கும் லாசியோ நிரல்தொகுப்பு −999.25ஐத் தானே வெறுமையாக்கிவிடும். என்றாலும் முதல் கிணற்றை எக்செல்லிலேயே செய்யுங்கள். ஒவ்வொரு எண்ணும் கண்ணில் படும்.

பின்சேர்க்கை: துளையிடும்போது மேலே வரும் வெட்டுத்துகளில் மணல், காமாக் கணக்கில் களி, ஏன் என்று ஒருவர் கேட்டிருந்தார். நம் புல்மோட்டைக் கருமணலை நினையுங்கள். களி இல்லை, ஆனால் மொனசைட் கனிமத்தின் தோரியம் காமாவை உயர்த்தும். பொட்டாசியம் பெல்ஸ்பார் நிறைந்த மணற்கல்லும் இதையே செய்யும். அப்படியான இடத்தில் நியூட்ரன், அடர்த்தி லொக்குகள் தரும் நுண்துளைமைகளை மணற்கல் அளவுகோலில் ஒன்றாக வரையுங்கள். களியில் ஒட்டியுள்ள நீரின் ஹைட்ரஜனையும் நியூட்ரன் எண்ணுவதால் அதன் கோடு மேலே விலகும். இரண்டும் ஒட்டியே ஓடினால் அங்கே காமாவின் களிக்கணக்கை எடுக்கவேண்டாம்.