ஒரு டம்ளர் அரிசி வேறு, ஒரு டம்ளர் சோறு வேறு

போன வருடம் ஆடி மாதம் ஒரே வாரத்தில் மூன்று முறை பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்தேன். மூன்றாவது முறை பாத்திரமே கருகிவிட்டது. பத்து வருடமாகப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பவரின் பெயர் ஒரு நாள் நாக்கு நுனி வரை வந்து அங்கேயே நின்றது. அப்போது எனக்கு வயது 46, உயரம் 158 செ.மீ., எடை 74 கிலோ. எடை ஒரு தொல்லை, மறதி இன்னொரு தொல்லை என்று தனித்தனியாகத்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். எட்டு மாதத்தில் எடை 67 கிலோவுக்கு வந்தது, பாலும் பொங்குவதில்லை. செய்ததை வரிசையாக எழுதுகிறேன். கலோரி என்றால் என்ன, புரதம் எதில் இருக்கிறது என்பதெல்லாம் தெரிந்திருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: ரத்தப் பரிசோதனை

எதையும் குறைப்பதற்கு முன் சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, பி12 வைட்டமின் நான்கையும் பாருங்கள். ரத்த அழுத்தத்தையும் சேர்த்துப் பாருங்கள். தைராய்டு மந்தமானால் எடையும் ஏறும், மூளையும் மந்தமாகும். பி12 குறைந்தாலும் மறதி வரும். அசைவம், முட்டை, பால் எல்லாவற்றையும் தள்ளி வைப்பவர்களுக்கு இது எளிதில் குறையும். எனக்கு அதுதான் குறைந்திருந்தது. டாக்டர் சில வாரம் ஊசி போட்டார். எனவே என் மறதி குறைந்ததில் பாதிப் புகழ் அந்த ஊசிக்குப் போக வேண்டும். 'நடந்தேன், ஞாபகசக்தி பெருகிவிட்டது' என்று நான் மேடை போட முடியாது.

படி 2: மூன்று சாமான்கள்

தையல் கடை இஞ்சு டேப், சமையல் தராசு, 40 பக்க நோட்டு. இவை போதும். எடை பார்க்கும் மெஷின் இருந்தால் வாரம் ஒரு நாள் காலையில் ஏறுங்கள். தினமும் ஏறினால் முந்தின நாள் சாப்பிட்ட ஊறுகாயின் உப்பு இழுத்த தண்ணீர் வரைக்கும் காட்டி மனதைக் கெடுக்கும்.

எனக்கு டேப்தான் பிடிக்கும். நம் போன்ற தெற்காசிய உடல்வாகுக்கு இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. என்று எல்லை வைத்திருக்கிறார்கள். நான் 94-இல் இருந்தேன். தொப்பைக் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றிவிடும், அவை இரண்டும் மூளையின் மெல்லிய ரத்தக் குழாய்களைக் கெடுக்கும். 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு டிமென்ஷியா என்ற மறதி நோய்க்கு நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அதில் நடுவயது உடல்பருமன், ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், கெட்ட கொழுப்பு, உடலுழைப்பின்மை ஐந்தும் இருக்கின்றன. எடையையும் மூளையையும் ஒரே நோட்டில் எழுத ஆரம்பித்தது அதைப் படித்த பிறகுதான்.

படி 3: சோறு (நான் வழுக்கி விழுந்த இடம்)

இங்கே கொஞ்சம் நின்று படியுங்கள்.

முதல் மாதம் தட்டில் போட்ட சோற்றை நிறுத்து 200 கிராம் என்று எழுதினேன். பிறகு ஒரு செயலியில் 'அரிசி' என்று தேடினேன். 100 கிராமுக்குச் சுமார் 350 கலோரி என்றது. ஆக ஒரு வேளைக்கு 700. இரண்டு வேளைச் சோற்றுக்கே 1400! பயந்துபோய் காலை இட்லியை நிறுத்தினேன், பருப்பைக் குறைத்தேன், மாலைச் சுண்டலையும் விட்டேன். பத்தே நாளில் தலைவலி, எரிச்சல், வீட்டில் எல்லோரிடமும் சண்டை. மறதி முன்பைவிட மோசம். மூளை நம் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் உடல் செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடுகிறது. அதைப் பட்டினி போட்டால் வேலைநிறுத்தம் செய்யாதா?

என் தங்கைதான் நோட்டைப் பார்த்துச் சிரித்தாள். "அக்கா, இது வேகாத அரிசிக் கணக்கு."

அரிசி வெந்தால் தண்ணீர் குடித்து ஏறக்குறைய மூன்று மடங்கு கனக்கும். 100 கிராம் சோற்றில் இருப்பது சுமார் 130 கலோரிதான். என் 200 கிராம் சோறு 260 கலோரி, நான் எழுதியது 700. பருப்பு, கொண்டைக்கடலை, சேமியா எல்லாவற்றிலும் இதே வம்பு உண்டு. அதனால் நோட்டில் ஒவ்வொரு வரியிலும் 'வே' (வெந்தது) அல்லது 'ப' (பச்சை) என்று போடுங்கள். அந்தச் செயலியை அன்றே அழித்துவிட்டேன்.

இப்போது என் மதியத் தட்டில் 150 கிராம் சோறு, அதே அளவு பொரியலோ கூட்டோ, கெட்டிப் பருப்பு அல்லது முட்டை. காயை முதலில் பாதி முடித்துவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பேன். மூன்று மணிக்கு மேசையில் தலை சாயும் தூக்கம் இதிலேயே பாதி போய்விட்டது.

படி 4: எண்ணெய் டின்னில் தேதி

கரண்டி கரண்டியாக அளந்து பார்த்தேன், நடக்கிற காரியமில்லை. டின்னைத் திறக்கும் நாளை அதன் மேலேயே எழுதிவிடுங்கள், தீரும் நாளைப் பாருங்கள். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டியில் 2000 கலோரி உணவுக்கு எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து 27 கிராம். மாதத்துக்கு ஆளுக்கு ஒரு லிட்டருக்கும் குறைவு. எங்கள் வீட்டில் நான்கு பேருக்கு ஐந்து லிட்டர் டின் 24 நாளில் தீர்ந்துகொண்டிருந்தது. செக்கு எண்ணெய் என்றால் எவ்வளவும் ஊற்றலாம் என்று என் சித்தி வாதாடுவார். செக்கில் ஆட்டினாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரிதான்.

படி 5: ஆறரை மணி டீ

அலுவலகம் விட்டு வந்ததும் ஒரு டம்ளர் ஸ்ட்ராங் டீ, அது என் உயிர். ஆனால் டீயில் இருக்கும், தூக்கத்தை விரட்டும் கஃபீனில் பாதி கழியவே பலருக்கு ஐந்து மணி நேரம் ஆகும். பதினொன்றுக்குப் படுத்துப் புரண்டு, ஒன்றரைக்குத் தூங்கி, ஆறுக்கு எழுந்துகொண்டிருந்தேன். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் ஏறும், வயிறு நிறைந்ததைச் சொல்லும் லெப்டின் இறங்கும். மறுநாள் மிக்சர் பொட்டலத்தைத் தேடும் கை நம்முடையது என்றாலும் உத்தரவு அங்கிருந்துதான் வருகிறது. பகலில் படித்தது, கேட்டது மூளையில் படிவதும் தூக்கத்தில்தான்.

நான்கு மணிக்குப் பிறகு டீ இல்லை என்று வைத்துக்கொண்டேன். முதல் வாரம் தலைவலித்தது. சுக்கு மல்லி காபி காப்பாற்றியது. பேர்தான் காபி, அதில் காபித்தூள் கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: நடை

இரவுச் சாப்பாடு முடிந்ததும் 15 நிமிடம், காலையில் வாரம் நான்கு நாள் 40 நிமிடம். பேசலாம், பாட முடியாது என்கிற வேகம். 2011-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 120 முதியவர்களில் ஒரு பாதியினர் ஒரு வருடம் நடந்தார்கள், மறு பாதியினர் உடலை நீட்டி மடக்கும் பயிற்சி செய்தார்கள். நடந்தவர்களுக்கு ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதி சுமார் 2 சதவீதம் பெருத்திருந்தது. மற்றவர்களுக்குச் சுருங்கியிருந்தது.

பின்சேர்க்கை 1: இதைப் படித்த ஒருவர் என் தவறையே தலைகீழாகச் செய்திருக்கிறார். 150 கிராம் பச்சை அரிசியை நிறுத்து வடித்துவிட்டு, சோற்றுக் கணக்கில் 195 கலோரி என்று எழுதினாராம். உண்மையில் அது 500-ஐத் தாண்டும். 'இரண்டு மாதமாக ஏன் குறையவில்லை' என்று கேட்டிருந்தார்.

பின்சேர்க்கை 2: சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் சோற்றைக் குறைக்காதீர்கள், சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டால் பி12 குறையவும் வாய்ப்புண்டு, அதையும் கேட்டுவிடுங்கள்.

பின்சேர்க்கை 3: வல்லாரைக் கீரையைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். எங்கள் வீட்டில் வாரம் ஒரு நாள் வல்லாரைத் துவையல் உண்டு, ருசிக்காக. அதைச் சாப்பிட்டு எனக்கு யார் பெயரும் ஞாபகம் வந்ததில்லை. அந்தத் துவையல் இருக்கும் நாளில்தான் 150 கிராம் சோறு 250 ஆகிறது, அதை இன்னும் சரிசெய்யவில்லை.